கிள்ளான் ஆற்றுமுகச் சிப்பிகள்

அன்புள்ள குமுதா,

கிள்ளான் ஆற்றுமுகச் சேற்றில் எடுத்த பழைய சிப்பிகளை, மழைத்தண்ணீர் கலந்தாலும் ஏமாறாத வேறொரு முறையில் சோதித்தோம். அவை வாழ்ந்த காலத்தில் அங்கே தண்ணீர் இன்றைவிடச் சூடாகத்தான் இருந்திருக்கிறது. நீ சொன்னதேதான்.

அன்று கூட்டத்தில், "மழைத்தண்ணி கலந்தா சிப்பி சூடா இருந்த மாதிரிதான் காட்டும், இதுகூடத் தெரியாதா லா?" என்று உன்னைக் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே நீ ஆய்வை விட்டுவிட்டாய்.

இன்று அதே கூட்ட அறையில், "இதை முதலில் கண்டது குமுதா" என்றேன்.

"யாரு அவங்க?" என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை செமினிக்கு, உன் வீட்டுக்கு வருகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டால் இந்தச் சோதனை பற்றிய ஆய்வுக் கட்டுரையை வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். அதில் முதல் பெயர் உன்னுடையது. என் பெயரோடு சேர்ந்திருக்கப் பிடிக்காவிட்டால், என்னுடையதை அடித்துவிடு.

முகம் காட்டக் கூசும்
உன் பழைய அறைத்தோழி