தொழிலாளி ஏழுக்கு

அன்புத் தம்பி குமரேசா,

உன் மேல் எனக்குக் கோபம். செத்துப்போனவனிடம் கோபப்படலாமா என்று கேட்காதே. நெய்வேலி குவார்ட்டர்ஸ் சுவர்களுக்குப் பத்து வருஷம் பெயின்ட் அடித்து, போன மாசம் சன்ஷேடிலிருந்து விழுந்து செத்தாயே, உன் கான்ட்ராக்டர் என்ன சொல்கிறான் தெரியுமா? அப்படி ஒரு ஆளே தன்னிடம் வேலை பார்க்கவில்லையாம். தொழிலாளர் அலுவலகத்தில், உன் மனைவி வசந்தா முன்னாலேயே, வாய் கூசாமல் சொன்னான்.

அவன் பதிவேட்டில் உன் பெயர் இல்லை. இருக்கும் ஒரே சாட்சி, என் ஆராய்ச்சிக்காக நீ பேசிய ஒலிப்பதிவு. அதை வெளியே எடுக்க எனக்கு உரிமை இல்லை. உன் பெயரை வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறவள் அல்லவா, ஒரு ஓட்டை இல்லாமல் எழுதினேன். என் கட்டுரையில் நீ வெறும் 'தொழிலாளி ஏழு'. கருத்தரங்கில் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்து அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தவன் நீ. ஒலிப்பதிவுக்கு முன் நான் நீட்டிய அந்த ஒப்புதல் படிவத்தை இரண்டு தரம் படித்தாய். "கையெழுத்துக்கு முன்னாடி படிச்சுப் பாக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான்க்கா. பேரு மட்டும் வெளிய வர வேணாம், வேல போயிடும்" என்றாய்.

ஒலிப்பதிவைச் சாட்சியாகக் கொடுக்கலாமா என்று நேற்று துறைத்தலைவரிடம் கேட்டேன். வாக்கை மீறிவிட்டு எந்த முகத்தோடு வகுப்பெடுப்பீர்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது, அதுதான் எரிச்சல்.

சாயங்காலம் வசந்தா சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். ஒலிப்பதிவின் முதல் நிமிடத்தை மட்டும் போட்டேன். உன் பெயர், ஊர், கான்ட்ராக்டர் பெயர், எந்த பிளாக்கில் வேலை, எல்லாம் சொல்கிறாய். பின்னால் ஷிப்ட் சங்கு ஊதுகிறது. அவள் அழவில்லை.

"வேல போயிடும்னு பயந்துகினே இருந்தாரு. இனிமே என்னக்கா போவப் போவுது?" என்றாள்.

இத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கு ஏன் இது உறைக்கவில்லை? உன்னைக் காப்பாற்ற எழுதிய வரி இப்போது அந்தக் கான்ட்ராக்டரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நீ செத்தால் என்ன செய்வது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கக் கூடாதா நீ? அதை நீ எப்படி நினைப்பாய், ஏணியில் ஏறுகிறவன். எழுதியவள் நினைத்திருக்க வேண்டும். உன் மேல் கோபம் என்று ஆரம்பித்தேன், பொய்.

வியாழக்கிழமை நஷ்டஈட்டு விசாரணை. ஒலிப்பதிவோடு போகிறேன். வேலை பறிபோனாலும் போகட்டும். பழைய வாக்கை மீறுகிறேன், புது வாக்கு ஒன்று தருகிறேன்: ஏழு என்று இனி ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவன் முகத்தைப் பார்த்து உன் முழுப்பெயரையும் சத்தமாகச் சொல்வேன்.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
தமிழரசி