கப்பலில் நான் கொடுத்த டிப்ஸ்

என் பயங்களையெல்லாம் முதலில் கேட்டுக்கொண்ட பழனிச்சாமி அண்ணாவுக்கு,

நீங்கள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. நான் கடலில் போய்விட்டு வந்தேன் என்றால் நம்புவீர்களா? நூல் கம்பெனிக்காரர்கள் எங்களைப் போன்ற சின்ன யூனிட்காரர்களைக் குடும்பத்தோடு சென்னையிலிருந்து கப்பலில் நான்கு நாள் கூட்டிப் போனார்கள். நல்லூரில் எட்டு மெஷின் போட்டுப் பனியன் தைக்கிற எங்களுக்கும் ஓர் அறை கிடைத்தது.

ஏறியதிலிருந்தே எனக்குப் பயம்தான். காலுக்குக் கீழே தரை லேசாக அசைந்துகொண்டே இருந்தது. முதல் நாளே வாந்தி எடுத்துப் படுத்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை மற்றவர்களோடு மேல்தளத்துக்குப் போய்விட்டார்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த ஆண்டனிதான் பச்சை ஆப்பிள் நறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். "கடல்னா இப்படித்தாம்லா இருக்கும். கண்ணை மூடாதீங்கக்கா, தூரத்துல ஒரு எடத்தையே பாருங்க" என்றார். அதன்பிறகு ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கதவைத் தட்டி, "இப்ப எப்படி இருக்குக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

கப்பலில் டிப்ஸ் நம் ஊர் ஹோட்டல் மாதிரி இல்லை அண்ணா. ஒவ்வொருவர் பில்லிலும் நாளுக்கு இவ்வளவு என்று சர்வீஸ் சார்ஜ் சேர்த்துவிடுகிறார்கள். அது அறை பார்ப்பவர், பரிமாறுபவர், நம் கண்ணிலேயே படாமல் துணி துவைப்பவர், பாத்திரம் கழுவுபவர் எல்லோருக்கும் பிரிகிறது. வேண்டாம் என்றால் கவுண்டரில் சொல்லி எடுத்துவிடலாமாம். எனக்கு அப்போது இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆண்டனியின் கையில் கொஞ்சம் பணத்தை வைத்தேன். அவர் வாங்கவில்லை. "அக்கா, உங்க பில்லுல சர்வீஸ் சார்ஜ் இருக்குல்லா? அது இருந்தா இதை நான் வச்சிக்கலாம். எடுத்திருந்தீங்கன்னா எல்லாருக்கும் பொதுவா ஆபீஸ்ல கட்டிரணும். கட்டாம வச்சிருந்தா வேலை போயிரும்" என்றார்.

"இருக்குதுங்க. நீங்க வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பெட்டி கட்டும்போது உங்கள் மாப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னார். "அந்த சர்வீஸ் சார்ஜை நேத்தே எடுக்கச் சொல்லிட்டேன். நம்ம குரூப்புல எல்லாருமே எடுத்துட்டாங்க."

"ஏனுங்க, நான் அவருகிட்ட இருக்குதுன்னு சொல்லிப்போட்டேனுங்களே."

"சொன்னா என்ன இப்ப? நாளைக்கு எறங்கப் போறோம்."

உங்கள் முகம்தான் கண்முன் வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டலில் நீங்கள் பரிமாறிக்கொண்டிருந்தபோது, ஒருவர் பிரியமாகக் கொடுத்த நோட்டைக் கல்லாவில் திருடியது என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் உங்கள் சட்டைப்பையைத் திருப்பிப் பார்த்தார்கள். கொடுத்தவர் நான் அப்போது வேலை பார்த்த பனியன் கம்பெனியின் காண்ட்ராக்டர். மறுநாள் காலையில் அவர் என் முன்னால்தான் நின்றார். "அந்தப் பணத்தை நான்தான் கொடுத்தேன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க" என்று நான் கேட்டிருக்கலாம். பயந்துகொண்டு தலையைக் குனிந்தபடி பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டே இருந்தேன். அவரை எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். ஏன் அண்ணா நீங்களும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை?

அன்று ராத்திரியும் பயந்து படுத்துவிட்டு, இறங்கும் நாள் காலையில்தான் ஆண்டனியிடம் சொல்லிவிடலாம் என்று கதவைத் திறந்தேன். ஆண்டனியின் வண்டியை வேறொருவர் தள்ளிக்கொண்டிருந்தார். ஆண்டனி எங்கே என்று கேட்டேன். "ஆபீஸ் புலாயா" என்றார். ஆபீசில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்கிற அளவுக்கு இந்தி எனக்குப் புரியும். நம் யூனிட்டிலும் பாதிப்பேர் வடக்கே இருந்து வந்தவர்கள்தானே.

கவுண்டரில் பெரிய வரிசை. என் முறை வரும்வரை சொல்ல வேண்டிய இங்கிலீஷை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கிருந்த பெண்ணிடம், "மிஸ்டேக் மைன். ஆண்டனி நோ மிஸ்டேக்" என்றேன். எடுத்த தொகையை மறுபடி பில்லில் சேர்க்கச் சொன்னேன். அவள் என்னையே பார்த்து நிறுத்தி நிதானமாகக் கேட்டாள், அவர் உங்களிடம் பணம் கேட்டாரா என்று. நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் அந்த மனிதரின் பிழைப்பு போய்விடும் என்று தெரிந்தது. "நோ. ஐ கிவ். ஹி ஆஸ்க் பில். ஐ டெல் ராங்." அவள் எழுதிக்கொண்டாள். என் கையெழுத்தையும் வாங்கினாள்.

இறங்கும் வழியில் ஆண்டனி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"காலைல சார்ஜை எடுத்தவங்க லிஸ்ட்ல உங்க ரூம் நம்பரைப் பாத்தேன்க்கா. ஒடனே காசை நானே கொண்டுபோய்க் கட்டிட்டேன். ஏன் நேத்தே கட்டலன்னு எழுதி வாங்கிருக்காங்க."

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"இன்னும் ரெண்டு மாசத்துல காண்ட்ராக்ட் முடியுது. மறுபடி கூப்பிடுவாங்களான்னு அப்பதாம்க்கா தெரியும்." என்னைத் தேற்றுவதற்குச் சிரித்தார். பின்னால் வந்தவர்கள் நெருக்கியதால் நான் நகர வேண்டியதாயிற்று.

ஊருக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் கப்பல் கம்பெனிக்கு எழுதினேன். உங்கள் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. ஆண்டனியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் சொன்ன இரண்டு மாதம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது. அவரைத் திரும்பக் கூப்பிட்டார்களா? தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து போய்ப் பதில் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன் அண்ணா.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆண்டனி வேலையில் இருக்கிறார் என்று ஒரு வரி வருகிறவரை மாதாமாதம் அந்தக் கம்பெனிக்கு எழுதுவேன். பயந்துகொண்டேதான் எழுதுவேன். ஆனாலும் எழுதுவேன்.

உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
துளசிமணி