உன் வாட்ச்சில் கழற்றிய இரண்டு கண்ணிகள்

அண்ணா,

உன் வாட்ச் செயினிலிருந்து கழற்றிய இரண்டு கண்ணிகள் இப்போது என் உள்ளங்கையில் இருக்கின்றன. ஒன்றின் இடுக்கில் கறுப்பாக அழுக்கு. உன் கை அழுக்காகத்தான் இருக்கும். ஊசியால் எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், எடுக்கவில்லை.

உன் மகன் அடுத்த வாரம் வேலைக்காகச் சென்னைக்குப் போகிறான். "அப்பாக்க ஃபாரின் வாட்ச்சு, அவன் கட்டிட்டுப் போவட்டும். நீ கூடப் போய் சரியாக்கிக் குடு" என்று அவன் அம்மா, என் மைனி, அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். அவனுக்கு ஒல்லிக் கை. காலையில் மார்த்தாண்டத்தில், நாம் வாங்கிய அதே கடையில், கண்ணிகளைக் குறைத்து வாங்கினோம்.

கல்ஃபில் நீ கார் ஓட்டிய முதலாளியின் கையில் பச்சை முகப்பு வாட்ச் ஒன்று இருந்தது. ஒரு வீட்டின் விலையாம். "அடுத்த லீவுக்கு அதுபோல ஒண்ணு கட்டிட்டுத்தான் வருவேன்" என்று ஊரில் ஒருத்தர் விடாமல் ஃபோனில் சொல்லி வைத்திருந்தாய். திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியபோது வெறுங்கை. உன்னைக் கூட்டிவர நான்தான் வந்திருந்தேன். களியக்காவிளை தாண்டியதும் மெதுவாகக் கேட்டாய்: "ஏட்டி, மார்த்தாண்டத்துல கடை தொறந்திருப்பானா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கொள்ளாம்! கல்ஃபுலருந்து வந்தவன் மார்த்தாண்டத்துல ஃபாரின் வாட்ச்சு வாங்கப் போறியா?"

"நீ சும்மா வாட்டி."

டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு இறங்கினோம். கடைக்காரர் அடித்தட்டிலிருந்து, அந்தப் பெரிய கம்பெனியின் பேரையே போட்ட போலி ஒன்றை எடுத்து நீட்டினார். நீ தொடவில்லை. "டூப்ளிகேட் வேண்டாம். இன்னொருத்தன் பேரைக் கையில கட்டிட்டு நடக்கப்பிடாது. அதுக்க சாயல்ல, சொந்தப் பேருல உள்ளது இருந்தா காட்டும்" என்றாய். மேசை நிறைந்தது. ஒவ்வொன்றையும் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், கையை நீட்டி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஒன்று தகரம் போல இருந்தது, ஒன்றின் பச்சை பாசிப் பச்சை. கடைசியில் இது. முகப்பில் சின்ன எழுத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு பேர். "கொள்ளாமாட்டி?" என்றாய், நன்றாயிருக்கிறதா என்று. அந்த விலைக்கு நானே உனக்கு வாங்கித் தந்திருப்பேன்.

வீட்டு முற்றத்தில் ஏறியதுமே, "லேய், வாங்கிட்டியா!" என்று உன் சேக்காளிகள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீ சிரித்தாய், அவ்வளவுதான். பிறகு என்னிடம், "நான் பொய் சொல்லலியேட்டி. அவனுவளா நெனச்சா நான் என்ன செய்ய?" என்றாய்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் மறுநாள் பெட்டியில் வந்தாய். வெள்ளைச் சட்டை போட்டு, வாட்ச்சை நான்தான் கட்டிவிட்டேன். போதகர் ஜெபம் முடித்ததும், பெட்டியை மூடுமுன் பெரியப்பா சொன்னார்: "வெல கூடுன சாதனம். மண்ணுக்குள்ள என்னத்துக்கு? கழத்துங்க. பிள்ளைக்கு ஆகும்."

உன் கைப்பக்கம் நின்றது நான். 'இது அது இல்ல பெரியப்பா, இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது உன்னோடு வந்திருக்கும். ஆனால் ஊரே சுற்றி நின்றது. உன் மானத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். கழற்றினேன். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. சட்டைக் கையை இழுத்து மூடிவிட்டேன். அழவில்லை. இரண்டு வருடமாகியும் அழுகை வரவில்லை, பல் டாக்டர் ஊசி போட்ட வாய் போல மரத்தே கிடக்கிறது.

இன்றைக்கு எனக்குப் பயம், கடைக்காரர் பையன் முன்னால் விலையைச் சொல்லிவிடுவாரோ என்றுதான். பயந்தபடியே ஆயிற்று. "இந்தக் குறைஞ்ச வெலைக்கு இப்பம் இப்படி உறுதியான செயின் கெடைக்காது" என்றார். பையன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சொன்னான்: "பயப்படாண்டாம் அத்தே. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அதுலதான் பேரு எழுதியிருக்கே. எனக்கு வாசிக்கத் தெரியாதா?"

"எப்பலருந்துலே தெரியும்?"

"அப்பா கட்டிட்டு வந்த அன்னைக்கே. அம்மைட்ட மட்டும் சொல்லாண்டாம்."

அன்றைக்கே. பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவன் அவன்தானே. அவனும் உன் மானத்தைக் காத்திருக்கிறான். நடுவில் நீ படுத்திருந்தாய்.

அவன் கையை நீட்டி வெயிலில் திருப்பிப் பார்த்தான். "கொள்ளாமா அத்தே?"

"கொள்ளாம் மக்கா."

இந்த இரண்டு கண்ணிகளையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் உன் தலைமாட்டில் புதைத்துவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஆனால், "பத்திரமா வையுங்க, பையனுக்குக் கை தடிச்சா திரும்பப் போடலாம்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவன் கையும் ஒருநாள் உன் கை மாதிரி தடிக்கும். அதுவரை என் பர்ஸில் கிடக்கட்டும், அந்த அழுக்கோடேயே.

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், அண்ணா. வெறுங்கையோடு வந்து இறங்கியவனை வெறுங்கையோடேயே அனுப்பிவிட்டேன்.