ஸ்பிரிங் மாற்ற முப்பத்தைந்தாயிரம்

ஆவணி 12, வியாழன்.

என் எஸ்.யூ.வி.யின் அடி தரையில் இடிக்காமல் உயர்த்த என்ன செலவாகும் என்று கேட்க ஆம்பூரில் பஷீர் பாய் பட்டறைக்குப் போனேன். மூன்று வழி சொன்னார். ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்தால் ஒன்றரை அங்குலம் ஏறும், ஒன்பதாயிரம். ஸ்பிரிங்கையே மாற்றினால் முப்பத்தைந்தாயிரம். ஷாக் அப்சார்பரும் சேர்த்து முழு கிட் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். ஸ்பேசர் போட்டால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும் என்றார். சரி, ஸ்பிரிங் என்று சொல்லி அட்வான்ஸ் எடுத்து நீட்டினேன்.

அதை வாங்காமல் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்.

"எங்க சார் இடிக்குது?"

"எங்க ஊர் மாதனூர்ல, கம்பெனி பஸ் நிக்கிற இடத்துல ஒரு ஸ்பீடு பிரேக்கர் பாய். ரொம்ப உசரம்."

"அது ஒண்ணுதானா? யாரு அவ்ளோ உசரமா போட்டது?"

"ஊர்க்காரங்களே போட்டுக்கிட்டாங்க."

ஏன் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. போன வருஷம் அங்கே பஸ்ஸிலிருந்து இறங்கிய செல்வியை இடித்தது இந்த வண்டிதான். ஓட்டியது நான்தான். அவள் இன்னும் விந்தி விந்தித்தான் ஷூ கம்பெனிக்குப் போகிறாள்.

"மெதுவா போனா இடிக்காது சார். யோசிச்சிட்டு வாங்க" என்றார் பாய்.

வீடு வரைக்கும் அவர்மேல் கோபமாக இருந்தது. வந்த வியாபாரத்தை யாராவது விடுவார்களா?

திரும்பும்போது அந்த மேட்டில் முதல் கியரில் ஏறி இறங்கினேன். இந்த ஒரு வருஷத்தில் இன்றைக்குத்தான் அப்படி.

இடிக்கவில்லை.