படகுக்கும் ஒரு பங்கு

என் பிரியத்துக்கும் வாய்ச்சண்டைக்கும் உரிய அமலிக்கு,

நாளை மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். என் டேனி, என் அனு, உன் பிரின்சி மூன்று பேரையும் அனுப்புவதா, நாம் இரண்டு பேரும் திட்டம் போட்டபடி வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பதா என்று நான் ஒருத்தியாக முடிவு செய்ய வேண்டியிருந்தது. நல்ல நேரம் பார்த்துப் போனாய், போ.

உன் வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். கப்பல் நடுக்கடலில் இருந்தது, பேச்சு விட்டுவிட்டு வந்தது. "மதினி, ஒங்க பிள்ளைகளுக்கு என்ன செய்யுதியளோ, அதையே என் பிள்ளைக்கும் செய்ங்க. ஞானஸ்நானத்துல நின்ன ஞானத்தாய் நீங்கதான அவளுக்கு" என்றார். என் வீட்டுக்காரரும் வேறொரு கப்பலிலிருந்து, "நீ சொன்னா சரிதான்" என்றார். கப்பல்காரர்களிடம் யோசனை கேட்டால் இப்படித்தான், பொறுப்பு முழுவதும் கரையில் இருக்கிறவள் தலையில் வந்து விழும்.

இந்த யோசனை எங்கே தொடங்கியது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நம் தெருவில் கப்பல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு லீவு லெட்டரில் காய்ச்சல் வருவதே அப்பா ஊருக்கு வருகிற மாதத்தில்தான். வகுப்பு டீச்சர் டேனியை எழுப்பி விசாரித்தபோது, "எங்கப்பா வந்தா எனக்குக் காய்ச்சல் வரும் மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்தான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்த பிறகு சொன்னாய்: "அப்பன் வீட்டுல இருக்கதே கொஞ்ச நாளு. அந்த நாளும் பிள்ளை ட்யூஷன்ல கெடக்கு. எதுக்குளா இந்தப் பள்ளிக்கூடம்? நாமளே சொல்லிக்கொடுப்போம்." நீ கணக்கும் அறிவியலும், நான் மற்றதெல்லாம். பரீட்சையை வெளியிலிருந்து எழுதிக்கொள்ள முடியுமா என்றுகூட விசாரித்து வைத்தாய்.

போன கோடை விடுமுறையில் ஒத்திகை பார்த்தோம். பின்னக் கணக்கை நீ புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. திரேஸ்புரம் கரைக்குக் கூட்டிப்போய், வள்ளம் வந்து சேர்ந்ததும் மீனை எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்று பிள்ளைகளை நிற்கவைத்துக் காட்டினாய். ஆளுக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. பிள்ளைகள் மூன்றும் உடம்பெல்லாம் செதிலோடு வீட்டுக்கு வந்தன.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நிஜக் காய்ச்சல். அதைப் பற்றி உனக்கே நான் சொல்ல என்ன இருக்கிறது?

பிரின்சி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். இந்த மே மாதம் உன் கரும்பலகையைக் கொண்டுவந்து என் மாடி அறையில் மாட்டி, நான் மட்டும் ஆரம்பித்தேன். தமிழ் நன்றாகவே போனது. கணக்குக்கு வந்ததும் ஒரு தோசையைத் தட்டில் வைத்து, "நாலு பேருக்குச் சமமா வெட்டு" என்று டேனியிடம் சொன்னேன். அவன் ஆறு துண்டாக வெட்டினான்.

"ஏலே, நாலு பேருதான?"

"வள்ளத்துக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணும்மா. அமலி சித்தி அப்படித்தான சொல்லித்தந்தாவ."

வலையின் பங்கு தனக்குத்தான் வேண்டும் என்று அனு சண்டைக்கு வந்தாள். இந்தப் பிள்ளைகள் பரீட்சையில் போய் என்ன எழுதுமோ என்று நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிரின்சி சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே போனேன்.

"பெரியம்மா, பள்ளிக்கூடம் எப்ப தொறப்பாவ?"

"ஏன்ளா? இங்கன நல்லாத்தான இருக்கு?"

"அங்கன கணக்கு வெறும் கணக்காத்தான் இருக்கும். இங்கன கணக்கு எடுத்தாலே அம்மா வந்து உக்காந்துக்கிடுதா."

 அவளை அணைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அப்பாவின் விடுமுறை, ட்யூஷன், டீச்சரின் விசாரணை என்று நாம் சொன்ன காரணங்கள் எல்லாம் இப்போதும் சரிதான். ஆனால் இந்த வருடம் நான் விடாப்பிடியாக நின்றதற்கு அவை காரணம் இல்லை. அந்தக் கரும்பலகை முன்னால் தினமும் கொஞ்ச நேரமாவது நீ இருப்பதுபோல எனக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். உன்னை நான் வைத்துக்கொள்ளப் பார்த்தேன் அமலி. அதற்காக உன் மகளைப் பிடித்து உட்காரவைத்தேன். நீ இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்துத் திட்டியிருப்பாய், இல்லையா?

அதனால் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். டேனியையும் அனுவையும் மட்டும் வீட்டில் நிறுத்தலாமா என்றும் பார்த்தேன். அப்படிச் செய்தால் சாயங்காலம் வாசலில் வந்து இறங்குகிற பிரின்சி விருந்தாளி மாதிரி ஆகிவிடுவாள். அது வேண்டாம். அப்பாமார் ஊருக்கு வந்தால் லீவு போடுவோம், ஆனால் காய்ச்சல் என்று இனிமேல் என் கை எழுதாது. டீச்சர் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். நம் திட்டமே தப்பு என்று இதற்கு அர்த்தமா? இரண்டு பேர் இருந்திருந்தால் நடந்திருக்குமோ என்னவோ.

மற்றபடி ஊரில் பெரிதாக ஒன்றும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது, விசைப்படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வெயில் குறைந்தபாடில்லை.

நேற்று பிரின்சி புது யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று இரட்டைச் சடையைத் தானே பின்னப் பழகினாள். ஒன்று மேலே, ஒன்று கீழே. நான் சீப்புக்குக் கை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் பேச்சை அவளிடம் நானாக எடுக்க மாட்டேன். என்றைக்கு அவளே வந்து உன்னைப் பற்றிக் கேட்கிறாளோ, அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொல்கிறேன். அதுவரை நீ என்னிடம் மட்டும் இரு.

இப்படிக்கு,
பிரின்சியின் பெரியம்மா
ரெஜினா