சத்தமில்லாத ஆறரை மணிச் செய்தி

ஜூன் 11

இன்றைய செய்தியில் தேங்காய் விலை, பள்ளி திறப்பு, சேத்துமடை பக்கம் யானை நடமாட்டம். மூன்றாவது செய்தியிலேயே தொண்டை அடைத்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தேன். கழுத்துக் கட்டி வளர்ந்துகொண்டே போகிறது. அடுத்த வாரம் கோயமுத்தூரில் ஆபரேஷன். முதலாளி தம்பிதுரை அண்ணனிடம் லீவு கேட்டேன்.

"நிம்மதியாப் போயிட்டு வாங்க அம்மணி. உங்க சீட்டு எங்கீம் போயிராது."

போகாதுதான். மலைச்சாரல் டிவியில் செய்தி ஆரம்பித்த நாளிலிருந்து அந்த நாற்காலியில் நான்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 24

கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. ஆண்டவருக்கு நன்றி.

ஆனால் குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று. குரலுக்குப் போகும் நரம்பு சோர்ந்திருக்கிறதாம், சிலருக்கு இப்படி ஆவதுண்டாம். குணமாக ஆறு மாதம்கூட ஆகலாம், பழையபடியே வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் கிளமென்ட் என் கையைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏறிய பிறகுதான், "சாப்பிட என்ன வாங்கட்டும்?" என்று கேட்டார். அதற்குக்கூட என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போனில் 'இட்லி' என்று அடித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அது பாதியிலேயே நின்றுபோனது.

ஜூலை 6

சர்ச் பூசையில் எல்லோரும் பாடினார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

ஜூலை 14

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஆபீசுக்குப் போய்விட்டேன். விளம்பரப் பிரிவில் இருந்த மோகனப்பிரியா இப்போது செய்தி வாசிக்கிறாள். நன்றாகத்தான் வாசிக்கிறாள், கொஞ்சம் வேகம். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து மைக்கைச் சரிசெய்தபோது நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பொறாமையா? ஆமாம், பொறாமைதான். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

தம்பிதுரை அண்ணன் பின்னாலேயே டீயோடு வந்தார். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. அதனால் பழைய கதையை எடுத்தார். வீடு வீடாக கேபிள் இழுத்தது, உரக்கடை மாடியில் ஒற்றை அறையும் ஒரு வீடியோ டெக்குமாக ஆரம்பித்தது. முதன்முதலில் ஒரு கோயில் நோம்பியைப் படம் பிடித்துப் போட்டபோது சனம் தன் முகத்தைத் தானே பார்க்க வாசலில் கூடியது. செட்டாப் பாக்ஸ் வந்து சேனல் நம்பர் மாறியபோது, புது நம்பரைச் சொல்ல ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகப் போனது. அந்த ஆட்டோவில் பேசியதும் நான்தான் என்பது பாதிக் கதையில் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"இப்போதைக்குத் திரையில ஓடற எழுத்தைப் பாத்துக்கறீங்களா, அம்மணி?"

தலையாட்டினேன்.

ஜூலை 28

மலையில் விடாத மழை. அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். கரையோரம் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகச் சொல்லி நாள் முழுக்க எழுத்து ஓட்டினேன். தெருவில் மைக் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது.

ஜூலை 30

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

மதியம் ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். எதுவும் பேசாமல் என் முன்னால் போனை நீட்டினாள். அதில் இப்படி இருந்தது: 'என் பெயர் லோகப்பிரியா. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் காது கேட்காது. ஆற்றோரம் குடியிருக்கிறோம். மைக் வண்டி வந்தது எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் வாசல்படி ஏறிய பிறகு பக்கத்து வீட்டார் வந்து இழுத்துப்போனார்கள். டிவியில் எழுத்து ஓடியதாம். படிக்கும் முன்பே ஓடிவிடுகிறது.'

அந்த எழுத்தை ஓட்டியவள் நான். மன்னிப்பு கேட்டு என் போனில் அடித்தேன். நான் வாயைத் திறக்காமல் அடிப்பதை அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். கழுத்துத் தழும்பைக் காட்டி, குரல் போய்விட்டது என்று எழுதினேன். அவள் மறுபடி அடித்தாள்:

'அதனால்தான் நீங்கள் வருவதில்லையா? உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்துகொள்வேன். நிறுத்தி நிறுத்திச் சொல்வீர்கள். புது அக்கா உதட்டைப் பிடிக்க முடியவில்லை. நீங்களே வாருங்கள்.'

என் குரலைக் கேட்டே இராத ஒருத்தி நான் இல்லாததைக் கவனித்திருக்கிறாள். டேபிளில் தலை கவிழ்ந்து அழுதுவிட்டேன். சத்தம் வராத அழுகை அவளுக்குப் புரிந்தது. முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

ஆகஸ்ட் 4

லோகப்பிரியா சைகையில் செய்தி சொல்லட்டும், பக்கத்தில் நான் உட்கார்ந்து உதட்டால் சொல்கிறேன், கீழே எழுத்து நின்று வரட்டும் என்று எழுதித் தம்பிதுரை அண்ணனிடம் கொடுத்தேன். லோகப்பிரியாவும் கூட வந்திருந்தாள்.

"சத்தமில்லாத நூஸை ஆருங்க அம்மணி பாப்பாங்க? விளம்பரம் தாரவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

'வெள்ளம் வந்த அன்று நம் செய்தி யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று அவளிடமே கேளுங்கள்' என்று எழுதினேன். லோகப்பிரியாவைப் பார்த்தார். அவளும் பார்வையை எடுக்கவில்லை.

"ஆறு மணி நூஸ் முடிஞ்சு, ஆறரைக்கு ஒரு அஞ்சு நிமிசம். பாத்துப்போடலாம்" என்றார்.

ஆகஸ்ட் 18

முதல் ரெக்கார்டிங். எல்லாமே தப்பு. கேமராமேன் மதன்குமார் பழக்கத்தில் முகத்தை மட்டும் பிடித்துவிட்டான், கைகள் படத்திலேயே இல்லை. இரண்டாவது முறை கை வந்தது, உரக்கடை விளம்பரம் அதை மறைத்தது. லோகப்பிரியாவின் பூப்போட்ட சேலையில் விரல்களே தெரியவில்லை. மோகனப்பிரியா தன் நீலச் சுடிதாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இவள்மீதா எனக்குப் பொறாமை.

ஆகஸ்ட் 20

ஒளிபரப்பாகிவிட்டது. தொடங்கியதுமே போன் அடித்தது. தம்பிதுரை அண்ணனே எடுத்தார்.

"ஏனுங்க, டிவில சத்தம் வர்லீங்களே?"

"சத்தம் இல்லீங்க. அது கையில சொல்ற நூஸுங்க. நம்மூர்ல காது கேக்காதவங்க இருக்காங்கல்லங்க, அவுங்களுக்கு. பொட்டியத் தட்டிப்போடாதீங்க."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் குரலில் கொஞ்சம் பெருமைகூட ஏறிவிட்டது.

செப்டம்பர் 7

பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் காது கேட்காதவர்கள் ஒரு கூட்டமாகப் பைக்கில் வந்து இறங்கினார்கள். எங்கள் செய்தியை யூடியூபில் பார்த்தார்களாம். உரக்கடை வாசல் முழுக்கக் கைகள் பேசின. லோகப்பிரியாவிடம் சைகை கற்றுவருகிறேன், ஆனாலும் எனக்குப் பாதிதான் புரிந்தது. யாருக்கும் அவசரமில்லை, எனக்காக மெதுவாகத் திருப்பிச் சொன்னார்கள். மல்லிகைப் பூ மாதிரி விரலைக் குவித்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் தலையில் எப்போதும் பூ வைத்திருப்பதால் அது என் பெயராம். அவர்களாகவே வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 13

கோயமுத்தூர் பீளமேட்டில் குரல் பயிற்சிக்குப் போய்க்கொண்டே இருந்ததற்கு இன்று பலன். 'அ' என்று சொன்னேன். வந்தது. கரகரவென்று, யாரோ ஆண்பிள்ளை பேசுவதுபோல. வீட்டுக்கு வந்து, "கிளமென்ட்" என்று கூப்பிட்டேன். கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு, "இன்னொருக்கா கூப்பிடு" என்றார்.

அக்டோபர் 20

இனி இதுதான் என் குரலாக இருக்கும் என்கிறார் டாக்டர். பழையது வராது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. தம்பிதுரை அண்ணன், "ஆறு மணி நூஸுக்கே வாரீங்களா, அம்மணி?" என்று கேட்டார். மோகனப்பிரியா வாசிக்கட்டும், இப்போது அவள் நிறுத்தி நிறுத்தித்தான் வாசிக்கிறாள் என்று சொன்னேன். வாயால் சொன்னேன்.

நவம்பர் 1

பக்கத்து ஊர் கிராமசபைக்குச் செய்தி எடுக்கப் போனோம். கழுத்தில் டிவி அட்டையோடு லோகப்பிரியா, கேமராவோடு மதன்குமார், கூட நான். பந்தலில் நல்ல கூட்டம். கேள்வி கேட்க லோகப்பிரியா எழுந்தாள். கைகளை உயர்த்தியதும் பேச்சு அடங்கியது. அவள் சைகையில் கேட்டதை நான் பக்கத்தில் நின்று என் கரகரத்த குரலில் சொன்னேன். இத்தனை பேர் முன்னால் இந்தக் குரல் வெளியே வருவது இதுவே முதல்தடவை.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பரை வாயால கூப்பிடறாங்க. எங்களுக்குக் கேக்கறதில்லை. எங்களுக்குப் பின்னால வந்தவங்க பாத்துட்டுப் போயிடறாங்க. நம்பர் தெரியற மாதிரி ஒரு போர்டு எப்ப வைப்பீங்க?"

முன்னால் உட்கார்ந்திருந்த சுகாதாரத் துறை அதிகாரி நல்ல மனுஷர். என்னைப் பார்த்து, "கட்டாயம் செய்யறோங்க, இவங்ககிட்ட சொல்லுங்க..." என்று ஆரம்பித்தார்.

"கேட்டது நானில்லீங்க சார். அவுங்ககிட்டயே சொல்லுங்க" என்றேன்.

அவர் நாற்காலியை லோகப்பிரியா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.