கெங்கம்மாள் போதும் என்றாள்

கள்ளிக்குப்பம்,
21.1.1996

அன்புள்ள புஷ்பாவுக்கு,

மஸ்கட் ஆஸ்பத்திரி வேலை எப்படிப் போகிறது? பொங்கலுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை நீ.

பத்து வருஷத்துக்கு முன் அம்பத்தூர் ஹாஸ்டலில், "கையைக் கட்டிப்போட்டா எனக்குப் பிடிக்கும்டி, நான் பைத்தியமா?" என்று கேட்டாயே. எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல ஒரு வாரம் ஆனது எனக்கு. நம்மைப் போன்றவர்கள் இங்கே ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், என் வீட்டில். தையல் வகுப்பு என்று தெரு நம்புகிறது.

கல்யாணமானவள், ஆகாதவள், பெண்ணையே விரும்புகிறவள், யார் வந்தாலும் இடம் உண்டு. கேட்காமல் தொடக் கூடாது. போதும் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். எங்கள் கம்பெனி பேக்கிங்கில் இருக்கும் கெங்கம்மாள் முதல் நாளே அழுதுவிட்டாள். "நா மட்டும்தான் இப்படி கீறேன்னு நெனச்சிகினு இருந்தேங்க்கா" என்றாள். உன் தங்கை பேபியும் வருகிறாள்.

உன்,
நாகவல்லி

மஸ்கட்,
11.2.1996

என் நாகுவுக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன், அழுதேன். நர்ஸாக ஒன்று சொல்கிறேன்: முடிச்சுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கை மரத்துப்போனால் உடனே அவிழ்த்துவிடு. பேபிக்கு இருபத்தேழு வயதாகிறது, இன்னும் பிடிவாதம் போகவில்லை. பார்த்துக்கொள்.

புஷ்பா

கள்ளிக்குப்பம்,
19.5.1996

அன்புள்ள புஷ்பா,

வேறு யாரும் சொல்லி உனக்குத் தெரியக் கூடாது என்று நானே எழுதுகிறேன். போன ஞாயிறு பேபி துப்பட்டாவால் கெங்கம்மாளின் கையைக் கட்டினாள். சம்மதம் கேட்டுத்தான் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் கெங்கம்மாள், "போதும் பேபி, அவுத்துடு" என்றாள். பேபி சிரித்துக்கொண்டே இறுக்கினாளாம். கெங்கம்மாள் மறுபடியும் சொல்லியிருக்கிறாள். நான் டீயோடு வந்தபோது தேம்பிக்கொண்டிருந்தாள். நான்தான் அவிழ்த்தேன்.

இனி வராதே என்று பேபியிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

நாகவல்லி

மஸ்கட்,
8.6.1996

நாகவல்லிக்கு,

பேபி போனில் அழுகிறாள். "விளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேங்க்கா" என்கிறாள். ஒரே ஒரு தப்பு. அதற்கு நாலு பேர் எதிரில் வெளியே அனுப்புவாயா? நேற்று வந்த கெங்கம்மாள் உனக்குப் பெரிதாகிவிட்டாள். பேபியைச் சேர்த்துக்கொள். இல்லையென்றால் எனக்கு எழுதாதே.

புஷ்பா

கள்ளிக்குப்பம்,
25.8.1996

அன்புள்ள புஷ்பா,

இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். பிறகு உன் இஷ்டம்.

கெங்கம்மாள் இரண்டு மாதம் வரவில்லை. அண்ணனூரில் அவள் வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறைதான் வாயைத் திறந்தாள். "பேபி இன்னும் அங்க வந்துகினு கீதா?" என்றாள். இல்லை என்றேன். அடுத்த ஞாயிறு வந்தாள்.

பேபியை நான் வெறுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நின்று பேசத்தான் செய்கிறேன். ஆனால் தங்கள் பேச்சை யாரும் காதில் வாங்காத வீடுகளிலிருந்துதான் இங்கே கூடும் பெண்கள் வருகிறார்கள். இங்கேயும் அப்படியென்றால் எதற்கு வர வேண்டும்? சேர்க்க மாட்டேன் புஷ்பா. நீ பேசாமல் போனாலும் மாட்டேன்.

இப்போது எட்டுப் பேராகிவிட்டோம்.

என்றும் உன்,
நாகவல்லி

மஸ்கட்,
2.2.1997

என் நாகுவுக்கு,

ஐந்து மாதம் பதில் போடாமல் இருந்துவிட்டேன். போன வாரம் போனில் பேபியிடம், "அவ சொன்னது நெஜமாவே உன் காதுல வுழலையா?" என்று கேட்டேன். "வுழுந்துச்சுக்கா. நிறுத்த மனசு வரல" என்றாள்.

இனி அவளுக்காக உன்னிடம் கேட்க மாட்டேன். என் தங்கை, அவளிடம் பேச வேண்டியது நான்தான்.

ஏப்ரலில் லீவில் வருகிறேன். உங்கள் ஞாயிற்றுக்கு நானும் வரலாமா என்று கெங்கம்மாளிடம் கேள். பேபியின் அக்கா என்று சொல்லியே கேள். வேண்டாம் என்றால், உன்னை வெளியே எங்காவது பார்த்துவிட்டுப் போகிறேன். அதற்காக வருத்தப்பட மாட்டேன்.

உன்,
புஷ்பா